சேலத்திலிருந்து ஒரே நாளில் கோயில், ஏரி, மலை: எதை முதலில், எதை அப்புறம்

சேலத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்களும், விடுமுறைக்கு வந்திறங்கும் சொந்தக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றை வீணாக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். காலை ஒன்பதரைக்குக் கிளம்புவார்கள். மலையில் வண்டி வரிசையில் நிற்பார்கள். பன்னிரண்டரைக்குக் கோயில் வாசலுக்குப் போனால் கதவு சாத்தியிருக்கும். ஏரியில் படகுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு இருட்டில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவார்கள். இடங்களில் எந்தக் குறையும் இல்லை, வரிசைதான் தப்பு.

அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏற்காடு, நாமக்கல்–கொல்லிமலை, பவானி–மேட்டூர் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுமே காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடியவை.

1. முதலில் இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

கிளம்பும் நேரத்திலிருந்து திட்டம் போடாதீர்கள். மாற்ற முடியாத இரண்டு நேரங்களிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

முதலாவது, நடை சாத்தும் நேரம். இந்தப் பக்கத்துப் பெரிய கோயில்களில் உச்சிக்கால பூஜை முடிந்து பன்னிரண்டிலிருந்து ஒரு மணிக்குள் நடை சாத்தி, மாலை நாலு, நாலரைக்குத்தான் திறப்பார்கள். ஆகவே பதினொன்றரைக்குள் கோயிலுக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஜைக்காகத் திரை போட்டிருந்தாலும் காத்திருக்க அரை மணி நேரம் கையில் இருக்கும்.

இரண்டாவது, மலை அடிவாரத்தைத் தொடும் நேரம். மாலை ஆறு மணி. கார்த்திகை, மார்கழியில் ஐந்தரை. அந்த மாதங்களில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும், மூடுபனியும் சேர்ந்துகொள்ளும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைப்பதுதான் ஏரி, அருவி, காட்சி முனை, சாப்பாடு எல்லாம். ஏரி எந்த நேரத்திலும் அங்கேயேதான் இருக்கும், அதை நடுப்பகலுக்குத் தள்ளலாம். கோயிலைத் தள்ள முடியாது.

2. ஒரு நாளைக்கு ஒரு திசை மட்டும்

வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். ஏற்காடு சேலத்திலிருந்து 30 கி.மீ. சொச்சம், நாமக்கல், மேட்டூர் இரண்டும் சுமார் 50 கி.மீ. "காலையில் ஏற்காடு, மத்தியானம் மேட்டூர்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம். மலைப்பாதையில் ஒரு கிலோமீட்டருக்குச் சமதளத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். இறங்கி வந்ததும் குழந்தைகள் தூங்கிவிடுவார்கள், பெரியவர்களுக்குத் தலை சுற்றும். அதற்கப்புறம் இன்னொரு 50 கி.மீ. போவதில் யாருக்கும் சுகமில்லை.

எந்த வழி யாருக்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னக் குழந்தைகளும் முதல் முறை மலை ஏறுபவர்களும் இருந்தால் ஏற்காடு. நடக்கத் தெம்பு உள்ளவர்கள் மட்டும் என்றால் கொல்லிமலை. முழங்கால் வலிக்காரர்கள், மலைப்பாதையில் வாந்தி எடுப்பவர்கள் இருந்தால் பவானி–மேட்டூர்.

3. நாள் பார்ப்பது

நல்ல நாள் பார்ப்பதைவிட, எந்த நாள் போகக்கூடாது என்று பார்ப்பது இதில் முக்கியம்.

ஆடிப்பெருக்கு அன்று பவானி கூடுதுறையிலும் (காவிரியும் பவானியும் சேரும் படித்துறை) மேட்டூரிலும் கால் வைக்க இடமிருக்காது. அதே சமயத்தில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவும் நடக்கும் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. ஆற்றங்கரையில் கூட்டம் என்று மலைக்குப் போனால் அங்கேயும் கூட்டம். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் நாட்களில் வண்டி நிறுத்தவே ஒரு மணி நேரம் ஆகும். மார்கழி அமாவாசையை ஒட்டி வரும் அனுமன் ஜயந்தி அன்று நாமக்கல் ஆஞ்சநேயருக்கு 1,00,008 வடைகளால் மாலை சாத்துவார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே போனால் சரி, கொல்லிமலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கலாம் என்று போகாதீர்கள். சாதாரண அமாவாசையிலும் பவானியில் தர்ப்பணம் கொடுக்க வருபவர்கள் அதிகம்.

மழைக்காலத்தில் முந்தின நாள் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. பிரதான பாதை அடைபட்டால் குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டு, ஆனால் அதுவும் மலைப்பாதைதான். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் இரண்டும் வேண்டாம்.

பவானி போகிறவர்கள் பேப்பரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மேட்டூர் அணையிலிருந்து எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பது. காவிரி மேட்டூரிலிருந்து இறங்கித்தான் பவானிக்கு வருகிறது. திறப்பு பெருகினால் கூடுதுறையில் குளிக்க விடமாட்டார்கள். அது தெரியாமல் மாற்றுத் துணியோடு பாட்டியைக் கூட்டிக்கொண்டு போய், குழாயடியில் தலைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. வண்டியை முடிவு செய்வது

சொந்தக் கார் என்றால் முந்தின நாளே டயரில் காற்று, பிரேக், வைப்பர், ஹாரன் நான்கையும் பாருங்கள். மலைப்பாதையில் ஹாரன் அலங்காரத்துக்கு இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்கு நீங்கள் இருப்பதைச் சொல்ல வேறு வழி கிடையாது. பெட்ரோலை ஏற்காட்டுக்கு சேலத்திலும், கொல்லிமலைக்கு நாமக்கல்லிலும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வாடகை வண்டி என்றால் கிலோமீட்டர் ரேட்டை மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குக் காசு, டிரைவர் பேட்டா எவ்வளவு, ஹில்ஸ் சார்ஜ் தனியா, டோல், பார்க்கிங் யார் கணக்கு என்ற நான்கையும் முதலிலேயே கேளுங்கள். கடைசியில் பில்லைப் பார்த்துச் சண்டை வருவதெல்லாம் இந்த நாலில் ஒன்றால்தான். இன்னொரு கேள்வியும் உண்டு: "டிரைவர் கொல்லிமலை ஓட்டியிருக்கிறாரா?" முந்தின இரவு சென்னைக்கு ஓட்டிவிட்டு வந்த டிரைவரை அப்படியே அனுப்பாதீர்கள் என்றும் சொல்லிவிடலாம், தப்பில்லை.

பஸ்ஸில் போவதாக இருந்தால் ஏற்காட்டுக்கும் மேட்டூருக்கும் சிரமமே இல்லை. கொல்லிமலைக்குப் பஸ் உண்டு, ஆனால் குறைவு. ஏறும்போதே கண்டக்டரிடம் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு, அதற்கப்புறம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸை நம்பித் திட்டம் போடாமல் அதற்கு முந்தைய பஸ்ஸை வைத்துப் போடுங்கள்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருவராகக் கொல்லிமலை போக வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தை இறங்கும் பகுதியில் சொல்கிறேன்.

5. முந்தின இரவு: இரண்டு பை, ஒரு பர்ஸ்

எல்லாவற்றையும் ஒரே பையில் திணிப்பதால்தான் ஈரத் துண்டுக்கு அடியிலிருந்து அர்ச்சனைத் தேங்காயை எடுக்க வேண்டிவருகிறது. கோயில் பை ஒன்று, தண்ணீர்ப் பை ஒன்று என்று பிரித்துவிடுங்கள். கோயில் பையில் வேட்டி அல்லது பேண்ட், துப்பட்டா, பூஜைச் சாமான். தண்ணீர்ப் பையில் மாற்றுத் துணி, துண்டு, ஈரத் துணிக்கு ஒரு காலிப் பை.

அரைக்கால் சட்டையோடு கிளம்பும் பையன்கள் ஒரு முழு பேண்ட்டை எடுத்துவைக்க வேண்டும். அருவிக்கு அரைக்கால் சட்டை வசதி, ஆனால் கோயில் வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

பர்ஸில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் இருக்கட்டும். மலைமேல் சிக்னல் போய்விட்டால் ஜிபே வேலை செய்யாது. செருப்பு வைக்கும் இடம், வண்டி நுழைவுச் சீட்டு, டீக்கடை எதுவும் ஐந்நூறு ரூபாய்த் தாளை விரும்புவதில்லை.

கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கடைப்பிடிப்பது கோயிலுக்குக் கோயில் மாறும். எல்லாப் போன்களையும் வாங்கிக்கொண்டு வண்டியில் ஒருவர் உட்காருவது, இல்லாவிட்டால் எல்லாரும் அணைத்துப் பைக்குள் வைப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். வாசலில் நின்று பேசினால் பத்து நிமிடம் போகும்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கேரி பேக்கில் சாப்பாடு கட்டிக்கொண்டு போய் சோதனைச் சாவடியில் விழிக்க வேண்டாம். எவர்சில்வர் டப்பா, தண்ணீர்க்குடுவை போதும்.

வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குக் காலையில் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதீர்கள். வெறும் வயிறும் கூடாது. பூரி, பொங்கல் வேண்டவே வேண்டாம். முன் சீட்டில் உட்கார வைத்து, போனைப் பார்க்காமல் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை போடுவதாக இருந்தால் அடிவாரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே போட வேண்டும். மூன்றாவது வளைவில் போடும் மாத்திரை வெளியேதான் வரும்.

6. வழி ஒன்று: ஏற்காடு

காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழே கால், ஏழரைக்கு மேலே போய்விடலாம்.

மேலே போனதும் எல்லாரும் செய்வது, ஏரியைப் பார்த்தவுடன் வண்டியை நிறுத்துவது. அந்த நேரத்தில் படகுத் துறை திறந்திருக்காது. பஜ்ஜிக் கடையில் ஒரு மணி நேரம் போய்விடும். ஏரியைத் தாண்டி நேராகச் சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். ஏற்காட்டில் உயரமான இடம் அது. உச்சி மொட்டை வெளி, நிழல் கிடையாது. பதினொரு மணிக்குப் போனால் வெறுங்காலோடு நிற்க முடியாது, காலை எட்டு மணிக்குத் தரை குளிர்ந்திருக்கும். கோயில் ஒரு குகை. சேர்வராயனும் காவேரி அம்மனும் உள்ளே இருக்கிறார்கள். குனிந்துதான் போக வேண்டும், ஒரே நேரத்தில் சிலர்தான் நிற்கலாம். கூட்டம் சேர்ந்துவிட்டால் உள்ளே மூச்சு முட்டும், வயதானவர்கள் பாதியில் திரும்பிவிடுவார்கள். சீக்கிரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திரும்பும் வழியில் பகோடா பாயிண்ட் என்ற காட்சி முனை. ஒன்பதரை, பத்துக்கு ஏரி. முதல் ஆட்களில் ஒருவராகப் படகு ஏறிவிடலாம். வார இறுதியில் பதினொரு மணிக்கு மேல் சேலத்துக் கூட்டம் மொத்தமும் ஏரிக்கரையில்தான் நிற்கும். மிதி படகா, துடுப்புப் படகா என்பதில் என் சிபாரிசு துடுப்புப் படகு. மிதி படகில் பாதி நேரம் மிதிப்பதிலேயே போகும், காற்று எதிரே வந்தால் முழங்கால் கழன்றுவிடும். எந்தப் படகானாலும் உயிர்க்காப்பு உடுப்பை நாடா கட்டிப் போடுங்கள், தோளில் தொங்கவிட்டால் பிரயோஜனமில்லை.

கிளியூர் அருவி மழைக்குப் பிறகு மட்டும். மார்ச், ஏப்ரலில் போனால் இறங்கி ஏறிய களைப்புதான் மிச்சம். தண்ணீர் விழுகிறதா என்று ஏரிக்கரைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

லேடீஸ் சீட்டைக் கடைசியில் வையுங்கள். அங்கிருந்து கீழே சேலமும் ஏறி வந்த பாதையும் தெரியும், மாலை வெயிலில்தான் அது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஊர் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள். அது இரவு தங்குபவர்களுக்கு.

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுக்குக் கையில் இருக்கும் பையெல்லாம் தின்பண்டம்தான். பிரசாதப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுத்தால் கடிக்கும்.

7. வழி இரண்டு: நாமக்கல், கொல்லிமலை

மூன்றில் நேரம் இறுக்கமானது இதுதான். ஐந்தரைக்கே சேலத்தை விட வேண்டும். ஆறரைக்குக் கிளம்பினால் எதையாவது ஒன்றை விட வேண்டிவரும், அது பெரும்பாலும் அறப்பளீஸ்வரர் கோயிலாகத்தான் இருக்கும்.

முதலில் நாமக்கல் ஆஞ்சநேயர். ஏழு மணிக்கு முன்னால் போய்விட்டால் நிம்மதியாகத் தரிசனம் முடியும். ஒன்பது மணிக்கு மேல் வடைமாலை, அபிஷேகம், அலங்காரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். அது பார்க்க வேண்டியதுதான், ஆனால் நடுவில் திரை போட்டுவிட்டால் திறக்கும்வரை நிற்க வேண்டும். மலை ஏறுகிறவர்களுக்கு அந்த அவகாசம் கிடையாது. 18 அடி உயர மூர்த்திக்கு மேலே கூரை இல்லை, மழை பெய்தால் நீங்களும் நனைவீர்கள், குடை எடுத்துப் போங்கள். கைகூப்பி அவர் பார்த்துக்கொண்டிருப்பது எதிரே மலையடிவாரத்தில் இருக்கும் நரசிம்மரை. அந்தக் குடைவரைக் கோயிலையும் நாமகிரித் தாயாரையும் சேர்த்து முக்கால் மணி நேரத்தில் சேவித்துவிடலாம். கோட்டைக்கு ஏற ஆரம்பித்தால் கணக்குக் கெட்டுவிடும், அதை வேறொரு நாளைக்கு வையுங்கள்.

டிபனை நாமக்கல்லிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பிறகு சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். முதல் இருபதைக் குழந்தைகள் எண்ணுவார்கள், அப்புறம் வண்டிக்குள் சத்தம் குறைந்துவிடும். முப்பத்தைந்து வாக்கில் அகலமான இடமாகப் பார்த்து ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். வளைவிலோ வளைவை ஒட்டியோ நிறுத்தாதீர்கள், திரும்பும் பஸ்ஸுக்கு அந்த முழு அகலமும் வேண்டும். அந்த ஐந்து நிமிடம் கொடுத்தால் மேலே போய் யாரும் ஒரு மணி நேரம் படுத்திருக்க மாட்டார்கள்.

சோளக்காடு, செம்மேடு என்று வரும்போது சீக்குப்பாறை, வாசலூர்ப்பட்டி படகு இல்லம் என்று ஒவ்வொரு பலகையும் கூப்பிடும். ஒன்றிலும் நிற்காதீர்கள். எல்லாமே திரும்பும்போதும் இருக்கும். நேராக மலையின் மறுகோடியில் இருக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். பதினொரு மணிக்கு அங்கே இருந்தால் நடை சாத்துவதற்கு முன் நிதானமாகத் தரிசனம் ஆகும். கோயிலை ஒட்டிய ஓடையில் மீன்களுக்குப் பொரி போடுவார்கள். அவை சாமி மீன்கள், பிடிக்கும் யோசனை வேண்டாம்.

ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள் கோயில் பக்கத்திலிருந்தே தொடங்குகின்றன. ஆகவே கோயில் முடித்துவிட்டு அருவி. ஈரத் துணியோடு கோயிலுக்குள் போக வேண்டியதில்லை, நடையும் தவறாது. படிகள் ஆயிரத்துக்கு மேல். செங்குத்து, உயரம் ஒன்றுபோல் இருக்காது. இறங்குவதில் ஒரு சிரமமும் தெரியாது, ஏமாற்றுவதே அதுதான். இறங்க முக்கால் மணி என்றால் ஏற ஒன்றே கால் மணி வையுங்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் மலையேற்றத்தில் மேலே போய்க் கீழே வந்துதான் பழக்கம். இங்கே களைத்தபிறகுதான் ஏற்றம் வருகிறது.

ஆகவே யார் இறங்குவது என்பதை மேலேயே முடிவு செய்யுங்கள். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், தூக்கிச் செல்ல வேண்டிய குழந்தைகள் மேலேயே இருக்கட்டும். "பாதிவரை வருகிறேன்" என்பவரைக் கூட்டிப் போகாதீர்கள், பாதியில் உட்காருபவருக்குத் துணையாக இன்னொருவரும் உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் கொஞ்சம் கடலை மிட்டாயும் எடுத்துக்கொள்ளுங்கள். அருவி சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. சாரலே ஆளைத் தள்ளும், நேர் கீழே போய் நிற்பது வீரமில்லை. பாறைகள் பாசி பிடித்தவை. வனத்துறை கயிறு கட்டியிருந்தால் அதற்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். மழை பலமாக இருந்தால் இறங்கவே விடமாட்டார்கள், பிற்பகலிலும் நுழைவை நிறுத்திவிடுவார்கள். இதனாலும் காலையிலேயே அங்கே இருப்பது நல்லது.

சாப்பாட்டுக்கு ஒரு யோசனை: அருவிக்கு இறங்குவதற்கு முன்பே கோயில் பக்கத்துச் சின்ன மெஸ்ஸில் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அளவாகத்தான் சமைப்பார்கள். இரண்டரை மணிக்கு ஏறி வந்து கேட்டால் ஆம்லெட்தான் கிடைக்கும்.

திரும்பும்போது வாசலூர்ப்பட்டியில் அரை மணி நேரம் படகு. சோளக்காட்டில் பலாப்பழம், மலை வாழை, மிளகு வாங்கலாம். பலாவை வண்டிக்குள் வைத்தால் அந்த வாசனையும் 70 வளைவும் சேர்ந்து யாரையாவது கவிழ்த்துவிடும், டிக்கியில் வையுங்கள். நாலே காலுக்குக் கீழே இறங்கத் தொடங்க வேண்டும். முள்ளுக்குறிச்சி பக்கமாக இறங்கும் இன்னொரு பாதையும் இருக்கிறது. பழக்கமான டிரைவர் இல்லாமல் மாலை நேரத்தில் புதுப் பாதையைப் பரிசோதிக்க வேண்டாம்.

8. வழி மூன்று: பவானி, மேட்டூர்

இதில் மலை இல்லை, ஆனால் ஒரு கேள்வியைச் சேலத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்: மத்தியானம் மீன் உண்டா, இல்லையா?

மேட்டூருக்குப் போய் மீன் சாப்பிடாமல் வர மனம் வராது. மீன் சாப்பிட்டபிறகு கோயிலுக்கு வரமாட்டேன் என்று அம்மா, அத்தை யாராவது நிச்சயம் சொல்வார்கள். புரட்டாசி என்றால் வண்டியில் பாதிப் பேர் தொடமாட்டார்கள். இதைப் பேசாமல் போய், அணைக்கட்டு மீன்கடை வாசலில் குடும்பம் இரண்டாகப் பிரிந்து நிற்பதைப் பலமுறை பார்த்தாயிற்று. தீர்வு சுலபம். கோயில் காலையில், மேட்டூர் மத்தியானம்.

ஆறு மணிக்குக் கிளம்பி சங்ககிரி வழியாக ஏழே காலுக்குப் பவானி. கூடுதுறையில் குளிப்பவர்கள் படித்துறையில் கட்டியிருக்கும் சங்கிலியைத் தாண்டக் கூடாது. இரண்டு ஆறுகள் சேரும் இடம், மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும். சங்கமேஸ்வரர் தரிசனம் முடித்து, பவானியிலேயே டிபன் சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் கிளம்புங்கள். அம்மாப்பேட்டை, நெரிஞ்சிப்பேட்டை வழியாக மேட்டூருக்குப் போகும் சாலை பெரும்பகுதி காவிரியை ஒட்டியே போகும். நெடுஞ்சாலைக்குத் திரும்பி ஓமலூர் சுற்றிப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

மேட்டூரில் அணைப் பூங்கா, அணைக்கட்டு முனியப்பன் கோயில். முனியப்பனுக்கே கிடா வெட்டிப் படைப்பார்கள், அங்கே மீன் பிரச்சினை இல்லை. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. வழக்கமாக ஜூன் 12 டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாள், நீர் இருப்பைப் பொறுத்து அது மாறும். அணை நிரம்பி, உபரி நீரை வெளியேற்றும் 16 கண் மதகில் தண்ணீர் போகிறது என்ற செய்தி வந்தால் பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் அந்த வாரம் பவானிக் குளியலை மறந்துவிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது.

மீன் வறுவலைத் தட்டில் ஏற்கெனவே அடுக்கி வைத்திருப்பதில் எடுக்காமல், மசாலா தடவி வைத்திருப்பதைக் காட்டிப் போடச் சொல்லுங்கள். விலையை எடைக்கா, துண்டுக்கா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மீன் வேண்டாம் என்று முடிவு செய்த குடும்பத்துக்கு ஒரு லாபம் இருக்கிறது. நங்கவள்ளி வழியாகத் திரும்பினால் நாலரை வாக்கில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். மேற்குப் பார்த்த கோயில், மாலை வெயில் நேராக முகப்பில் விழும், தூண் சிற்பங்களைப் பார்க்க அதுவே சரியான நேரம். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் பந்தைக் குழந்தைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். வாலியும் சுக்ரீவனும் சண்டையிடும் தூணை மட்டும் தேடிப் பாருங்கள். ராமன் வில்லோடு நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான். ஒருவரை அங்கே, ஒருவரை இங்கே நிறுத்திப் பார்த்தால்தான் சிற்பி செய்த வேலை புரியும்.

9. ஏறுவதும் இறங்குவதும்

ஏறும்போது மூன்று பழக்கங்கள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. விடுவார்கள் என்று நம்பி நடுச்சாலையைப் பிடிக்காதீர்கள், இடதுபுறமே போங்கள். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் மாற்றப் போனால் வண்டி திணறி நின்றுவிடும். எதிரே பஸ் தெரிந்தால் வளைவுக்குக் கீழேயே நின்று அது திரும்பி முடிக்கும்வரை பொறுங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இறங்கும்போது. நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை விட்டு விட்டு, அவ்வப்போது தொட்டால் போதும். தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் 'டி'யிலேயே விடாமல் 'எல்' அல்லது மேனுவல் முறைக்கு மாற்றுங்கள்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் சிக்கல் இதுதான்: ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டு வேகம் குறைந்ததும் கிளட்ச் விடுபட்டு வண்டி தானாக உருளும். எஞ்சின் பிடிப்பு கிடைக்காது, முழு பாரமும் பிரேக்மேல் விழும். 20 வளைவுக்குச் சமாளிக்கலாம். இருவரை ஏற்றிக்கொண்டு 70 வளைவு என்பது வேறு கணக்கு.

கருகிய வாசனை வந்தால் அது வெளியிலிருந்து வரவில்லை, உங்கள் பிரேக்கிலிருந்துதான் வருகிறது. அகலமான இடத்தில் ஒதுக்கி, கல் ஒன்றைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்காதீர்கள், சூடான டிஸ்க் வளைந்துவிடும், விரிசலும் விடலாம். அந்த இருபது நிமிடத்தைச் சேர்த்துத்தான் கிளம்பும் நேரத்தை நாலே கால் என்று சொன்னேன். மூடுபனி இறங்கிவிட்டால் ஹை பீமைப் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீமில், முன்னால் போகும் பஸ்ஸின் பின்விளக்கை இடைவெளி விட்டுத் தொடருங்கள். தினமும் அந்தப் பாதையில் இறங்கும் டிரைவருக்கு எந்த வளைவில் எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பது தெரியும், அவரை முந்தாதீர்கள்.